ஓட்டை எங்கே என்று பார்த்துவிட்டு கேஸ் ஏற்றுங்கள்: பழைய காரின் ஏசியும் தண்ணீர்க் கசிவும்

ஏசி கேஸ் எரிந்து தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகி, அதே கேஸ்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு முறை அடைத்த கேஸ் பல வருடம் அப்படியே இருக்கிறது என்றால், அதன் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்து வெல்டிங் செய்து மூடப்பட்டிருப்பதுதான் காரணம். காரில் அது முடியாது. கம்ப்ரசரைச் சுற்றுவது இன்ஜின் பெல்ட். அதனால் ஒரு அச்சு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதைச் சுற்றி ஒரு சீல் வேண்டும். இன்ஜின் ஆடும் என்பதால் குழாயில் ரப்பர் வேண்டும். இணைப்புக்கு இணைப்பு ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். இவற்றின் வழியாக வருடத்துக்குக் கொஞ்சம் போவது சகஜம். ஆனால் ஒவ்வொரு வெயில் காலத்துக்கும் கேஸ் ஏற்ற வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை விட்டுவிட்டு மேலே மேலே ஏற்றுவதில் அர்த்தம் இல்லை.

என்னிடம் இருப்பது இருபது வயதை நெருங்கும் ஒரு செடான். ஏசி தொல்லையும் தரை ஈரமும் அதில் சேர்ந்தேதான் வந்தன. பழைய கார் வைத்திருக்கும் பலருக்கும் இப்படித்தான் வரும், ஏனென்றால் பெரும்பாலும் இரண்டுக்கும் மூல காரணம் ஒன்றுதான்: ரப்பரும் ஃபோமும் இறுகி, சுருங்கி, பொடிந்துபோவது. இரண்டிலும் வேலையில் முக்கால்வாசி தேடுவதுதான். மாற்றுகிற வேலை சின்னது.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால் தண்ணீரை என்பேன். ஏசி இல்லாமல் வியர்த்துக்கொண்டு ஓட்டலாம். கார்பெட்டுக்கு அடியில் தேங்கிய தண்ணீர் தரைத் தகட்டைத் தின்றுவிடும், சில கார்களில் சீட்டுக்கடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டியையும் சேர்த்து.

இது எந்தத் தண்ணீர்?

காருக்குள் வரும் தண்ணீர் மூன்று வகை. ஏசி வடித்த தண்ணீர், மழைத் தண்ணீர், இன்ஜின் கூலண்ட். எது என்று தெரியாமல் சிலிகான் டியூபைக் கையில் எடுக்காதீர்கள்.

கார்பெட்டை ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரால் அழுத்தி எடுங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதாவது சாயம் தெரிந்தாலோ, விரலில் வழவழப்பாக இருந்தாலோ, லேசான இனிப்பு வாசனை வந்தாலோ அது கூலண்ட். அதோடு முன் கண்ணாடியின் உள்பக்கம் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் படலம் போல மங்கும். ருசி பார்க்க வேண்டாம். கூலண்டில் பொதுவாக இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். அந்த இனிப்புக்கு நாயும் பூனையும் வாய் வைத்துவிடும் என்பதால் சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள்.

சாயமும் வழவழப்பும் இல்லாத வெறும் தண்ணீர் என்றால் அடுத்த கேள்வி, எப்போது நனைகிறது? மழையே இல்லாத நாளில் ஏசி போட்டு ஓட்டியபிறகு நனைந்தால் ஏசி வடிகால். மழைக்கோ வாட்டர் வாஷுக்கோ அப்புறம் மட்டும் நனைந்தால் வெளித் தண்ணீர். ஒரு வாரம் கவனித்தாலே இது பிடிபடும்.

கூலண்ட் என்றால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர்மீது (கூலண்டின் சூட்டால் கேபின் காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்) சந்தேகம் போகும். அதை மாற்ற முக்கால்வாசி கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். அதற்குமுன் ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவர்) தாண்டி உள்ளே வரும் இரண்டு குழாய்களின் இணைப்பைப் பாருங்கள். கிளாம்ப் தளர்ந்திருப்பதும் அங்கே இருக்கும் ஓ-ரிங் போயிருப்பதும் உண்டு. கோரே ஒழுகுகிறது, டேஷ்போர்டு கழற்ற இப்போது நேரம் இல்லை என்றால், பல பழைய கார்களில் பானட்டுக்கடியிலேயே அந்த இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டுக் கோரை ஒதுக்கிவைக்கலாம். ஹீட்டர் வேலை செய்யாது, அவ்வளவுதான். இன்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியையோ ஹோஸையோ தொடக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் திரவமாகவே நிற்கும். திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

ஏசியின் வடிகால் குழாய்

டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயில் சில டிகிரி குளிரில் இருக்கும். அதன்மேல் படும் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகி, அடியில் உள்ள தட்டில் சேர்ந்து, ஒரு குழாய் வழியாக வண்டிக்குக் கீழே சொட்டுகிறது. புழுக்கமான நாளில் நிறுத்தியிருக்கும் காருக்கடியில் சின்னக் குட்டை கட்டினால் சந்தோஷப்படுங்கள். ஏசி ஓடியும் கீழே ஒரு சொட்டுகூட இல்லையென்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கால்வைக்கும் இடத்துக்கு. திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் 'களக்' என்று தண்ணீர் ஆடும் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

குழாயின் முனை ஃபயர்வாலில், வெளிப்பக்கம், தாழ்வாக இருக்கும். கட்டைவிரல் பருமனில் ரப்பர் முழங்கையாகவோ சின்ன பிளாஸ்டிக் மூக்காகவோ தெரியும். சில கார்களில் மேலிருந்து பார்த்தாலே கிடைக்கும். சிலவற்றில் வண்டியைத் தூக்கி கியர்பாக்ஸ் மேலே கைவிட்டுத் தேட வேண்டும். தூக்கினால் ஸ்டாண்டு வைக்காமல் அடியில் போகாதீர்கள். ஜாக்கி மட்டும் போதாது.

அடைப்பை எடுக்க நான் வைத்திருப்பது புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் தடித்த நைலான் நரம்பு. வளையும், மழுங்கிய முனை, உடையாது. இரும்புக் கம்பி வேண்டாம். குழாய்க்கு உள்பக்கம் சில அங்குலத்திலேயே மெல்லிய அலுமினியக் காயில் இருக்கிறது; வடிகால் அடைப்பை எடுக்கப்போய் ஏசி கேஸ் ஓட்டையை நாமே உண்டாக்க வேண்டாம். கீழிருந்து நரம்பை விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். முகத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள், அடைப்பு விடும்போது தேங்கியது மொத்தமும் கொட்டும். காற்றடிப்பதென்றால் வாயால் ஊதும் அளவுக்குக் கொஞ்சம் மேல், அதற்கு மேல் வேண்டாம். வெளியே வருவது பெரும்பாலும் இலைத் துகள், தூசி குழைந்த சேறு, பூச்சி கட்டிய மண்கூடு.

சில சமயம் அடைப்பே இருக்காது, ஆனாலும் உள்ளே நனையும். அப்போது அந்த ரப்பர் முழங்கை கழன்று விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முழங்கை தண்ணீரை ஃபயர்வாலிலிருந்து தள்ளி விடுவதற்காக இருக்கிறது. அது இல்லையென்றால் தண்ணீர் தகட்டிலேயே வழிந்து, அருகிலிருக்கும் ஒயர் துளை வழியாக உள்ளே திரும்பிவிடும்.

இன்னொன்று. ஓட ஆரம்பித்த அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, அப்புறம் காற்றின் வேகம் குறைந்து, கொஞ்சம் அணைத்துவைத்தால் மறுபடி சரியாகிறதா? காயில் மேல் ஐஸ் கட்டுகிறது. அந்த ஐஸ் மொத்தமாக உருகும்போது தட்டு நிரம்பி உள்ளே வழியலாம். கேபின் ஃபில்டர் அடைத்திருப்பது, காயிலின் வெப்பநிலையைப் பார்க்கும் சென்சார் பழுது, கேஸ் குறைவு, இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். ஃபில்டர்தான் மலிவு, அதிலிருந்து தொடங்குங்கள்.

ஏசி வென்ட்டிலிருந்து கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதாவது பறந்து வந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே காற்றைத் திருப்பும் மடல்களில் ஒட்டிய ஃபோம் வயதாகி உதிர்கிறது. அதுவும் ஃபில்டர் அறையிலிருந்து விழும் குப்பையும் சேர்ந்துதான் வடிகாலை அடைக்கின்றன. ஊறிய நெடிக்கு ஒரு பழக்கம் உதவும்: போய்ச் சேருவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே ஏசியை அணைத்து, ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். காயில் ஓரளவு உலர்ந்துவிடும்.

மழைத் தண்ணீர்

இதுதான் பொறுமையைச் சோதிக்கும் பகுதி. ஈரம் தெரியும் இடமும் தண்ணீர் நுழைந்த இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கூரையில் நுழைந்த தண்ணீர் தூணுக்குள் இறங்கி, கதவுப் படிக்கடியில் ஓடி, பின்சீட்டுக் காலடியில் போய்த் தேங்கும். அதனால் முதல் வேலை கார்பெட்டைத் தூக்குவது. கதவுப் படியின் பிளாஸ்டிக்கைக் கிளிப்பிலிருந்து விடுவித்து, கார்பெட்டை மடக்கி, வெறும் தகட்டைத் துடைத்து, பழைய செய்தித்தாளை விரித்துவையுங்கள். செய்தித்தாள் நனையும் திசை தண்ணீர் வந்த வழியைச் சொல்லும்.

சோதனைக்குத் தண்ணீர்க் குழாயும் இன்னொரு ஆளும் வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே குழாயோடு. பீய்ச்சி அடிக்கக் கூடாது. மழை பீய்ச்சாது, வழியும். குழாயைத் திறந்த அளவில் சும்மா வழியவிடுங்கள். கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு ஜன்னல் விளிம்பு, பிறகு முன் கண்ணாடி அடி, கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்து, எது வழி என்று தெரியாமல் போகும். எங்கள் வீட்டில் உள்ளே உட்காருபவர் என் மனைவி. அவர் "நிறுத்து" என்று கத்தும் இடத்தில் நான் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன்.

நான் தேடும் வரிசை இது. முதலில் முன் கண்ணாடிக்கும் பானட்டுக்கும் இடையே, வைப்பர் கைகளுக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அதன் அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. கண்ணாடியில் வழியும் மழையெல்லாம் அங்கே விழுந்து இரண்டு ஓரங்களிலும் வெளியேறும். மரத்தடியில் நிற்கும் காரில் அங்கே உரம் தயாராகிக்கொண்டிருக்கும். வடிகால் அடைத்தால் தொட்டி நிரம்பி, ஏசிக்கு வெளிக்காற்று எடுக்கும் வாய் வழியாகத் தண்ணீர் நேராகப் புளோயருக்குள் போகும். வடிகால் முனையில் ரப்பர் மூக்கு இருந்தால் அதைக் கையால் பிதுக்கிச் சேறை எடுத்துவிடுங்கள். கேபின் ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக உட்காராமல் இருந்தாலும் இதே இடத்தில்தான் நனையும்.

அடுத்தது கதவு. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் போவது கோளாறு இல்லை, கதவின் அமைப்பே அப்படி. உள்ளே போன தண்ணீர் கதவின் அடி விளிம்பில் உள்ள துளைகள் வழியாக வெளியேறும். அது உங்கள் காலடிக்கு வராமல் தடுப்பது, கதவின் உள் அலங்காரப் பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் தாள் அல்லது ஃபோம் தாள். ஸ்பீக்கர் மாற்றவோ, கண்ணாடி ஏற்றும் மோட்டாரைப் பழுதுபார்க்கவோ யாராவது கதவைத் திறந்திருந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டோ ஒட்டாமலோ போயிருப்பார்கள். என் காரில் முன்பு வைத்திருந்தவர் ஸ்பீக்கர் மாற்றியிருக்கிறார். தாளில் பாதி காணாமல் போயிருந்தது. தடித்த பாலித்தீனில் புதுத் தாள் வெட்டி, உலராத பியூட்டைல் நாடா வைத்து ஒட்டினால் போதும். சிலிகான் இங்கே வேண்டாம், அடுத்த முறை கழற்ற முடியாது. தாளின் கீழ் முனை கதவின் உள்பக்கம் நுழைந்திருக்க வேண்டும், தண்ணீர் வழிந்து உள்ளேயே விழும்படி. அப்படியே அடித் துளைகளையும் குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள். கதவை ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்டால் துளை அடைத்திருக்கிறது.

கதவின் ரப்பர் பீடிங்கைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடிப்பு இருக்க வேண்டும். லூசாக வரும் இடத்தில் டால்கம் பவுடர் பூசிக் கதவைச் சாத்தித் திறந்தால், பவுடர் தகட்டில் ஒட்டாத இடத்தில் பீடிங் தொடவில்லை என்று தெரியும். பீடிங் அமுங்கிப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். பீடிங் நன்றாக இருந்தும் கதவு இறுகச் சாத்தவில்லை என்றால் பூட்டு மாட்டும் கொக்கியைச் சற்று உள்ளே நகர்த்தினால் சரியாகும்.

சன்ரூஃப் இருக்கிற கார் என்றால் சன்ரூஃபின் ரப்பரைத் திட்டாதீர்கள். அது முழுதாகத் தடுப்பதற்கு வைத்ததில்லை. அதைத் தாண்டி வரும் தண்ணீரைச் சுற்றியுள்ள தொட்டி பிடித்து, மூலைகளில் உள்ள மெல்லிய குழாய்கள் வழியாகத் தூண்களுக்குள் இறக்கிவிடும். பிரச்சினை அந்தக் குழாய்களில். மூலையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கீழே எங்காவது சொட்டுகிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் அதே நைலான் நரம்பு. பலமான காற்றடித்தால் கூரைக்கு உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிடும், அதை மாட்டக் கூரைத் துணியையே இறக்க வேண்டும். எனக்குக் கேட்டால் பழைய காரில் சன்ரூஃப் ஒரு தலைவலிதான்.

டிக்கியில் தண்ணீர் என்றால் ஸ்டெப்னி குழியைப் பாருங்கள், அங்கேதான் கடைசியில் சேரும். பின் விளக்குகளின் கேஸ்கெட், மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் லைட், ஆன்டெனா அடி, கூரையின் இரண்டு பக்கமும் தகடுகள் சேரும் கோட்டில் வெடித்துப்போன சீலர், பின் பம்பருக்குப் பின்னால் காற்று வெளியேறும் மடல். இவ்வளவுதான் சந்தேக இடங்கள். ஒருவர் டிக்கிக்குள் டார்ச்சோடு படுத்து மூடிப் பார்ப்பது நல்ல வழி. வெளியே இருப்பவர் கையில் சாவி இருக்க வேண்டும்.

முன் கண்ணாடியின் பசையே விட்டிருந்தால் நீங்கள் மேலே சிலிகான் பூசுவது நிற்காது. கண்ணாடியை எடுத்து, துருவைச் சுரண்டி, பிரைமர் போட்டு, யூரித்தேன் பசையில் மறுபடி ஒட்ட வேண்டும். அந்தக் கண்ணாடி கூரையின் பலத்திலும் ஏர்பேக் விரிவதிலும் பங்கு வகிக்கிறது. தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கசிவை அடைத்தபிறகு உலர்த்துவதை அலட்சியப்படுத்தாதீர்கள். கார்பெட் மேலே தொட்டால் காய்ந்திருக்கும். அடியில் உள்ள இரண்டு விரல் கனத்துப் பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். சீட்டைக் கழற்றிக் கார்பெட்டை வெளியே எடுத்து வெயிலில் போடுவதுதான் நிச்சயமான வழி. சீட்டுக்கடியில் மஞ்சள் ஒயர் இருந்தால் அது ஏர்பேக் அல்லது சீட்பெல்ட் சம்பந்தப்பட்டது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து அப்புறம் தொடுங்கள். சீட் இணைப்பு கழன்றிருக்கும்போது சாவியைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்து நிற்கும். தகட்டில் துரு கண்டால் சுரண்டி, துருத்தடுப்புப் பெயின்ட் அடித்துவிட்டுக் கார்பெட்டைப் போடுங்கள்.

இனி ஏசி

கேஜ் (அழுத்தம் காட்டும் மானி) மாட்டுவதற்கு முன்னால் கையாலேயே பாதி தெரிந்துகொள்ளலாம். ஏசி ஓடும்போது ஃபயர்வாலுக்குப் போகும் இரண்டு அலுமினியக் குழாய்களையும் தொட்டுப் பாருங்கள், சுழலும் பெல்ட்டிலும் ஃபேனிலும் சட்டைக் கை சிக்காமல். தடித்த குழாய் ஜில்லென்று வியர்த்திருக்க வேண்டும், மெல்லிய குழாய் சூடாக. தடித்தது நன்றாகக் குளிர்ந்தும் உள்ளே சூடான காற்று வந்தால் கேஸில் குறை இல்லை. டேஷ்போர்டுக்குள் சூடு, குளிர் கலக்கும் மடல் சிக்கியிருக்கிறது. அப்படி மடலை ஆட்டும் சின்ன மோட்டாரின் பல் உடைந்திருந்தால் 'டக் டக்' என்று சத்தம் வரும். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் வெதுவெதுப்பாகிறது என்றால் ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்குக் காற்று போதவில்லை. ஃபேன் சுற்றுகிறதா, பூச்சியும் மண்ணும் இதழ்களை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரசர் கிளட்ச் (பெல்ட்டோடு கம்ப்ரசரை இணைக்கும் பகுதி) சில நொடிக்கு ஒரு முறை ஒட்டுவதும் விடுவதுமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் கேஸ் குறைவு. ஒட்டவே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, அப்புறம் பிரஷர் ஸ்விட்ச்.

பிரஷர் ஸ்விட்சை ஒயரால் இணைத்து ஏமாற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. செய்யாதீர்கள். கேஸ் இல்லாதபோது அது கம்ப்ரசரை நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது: கம்ப்ரசருக்கான ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கேஸ் இல்லையென்றால் ஆயிலும் வராது, கம்ப்ரசர் இறுகிவிடும்.

1990களின் நடுவிலிருந்து பல வருடங்கள் வந்த கார்களில் பெரும்பாலும் ஆர்-134ஏ கேஸ்தான். அதற்கு முந்தையவற்றில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தைக் கெடுத்ததால் 1987இன் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக நிறுத்தப்பட்டது. பல புதிய கார்களில் ஆர்-1234ஒய்எஃப். அதன் போர்ட் (கேஸ் ஏற்றும் வாய்) வேறு, அது லேசாகத் தீப்பற்றும். இங்கே சொல்வதெல்லாம் ஆர்-134ஏவுக்கு. பானட்டுக்கடியில் இருக்கும் ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் இருக்கும்.

இன்ஜின் அணைத்துப் பல மணி நேரம் கழித்து கேஜ் மாட்டினால், 30 டிகிரி வெப்பத்தில் இரண்டு பக்கமும் (கம்ப்ரசருக்கு கேஸ் திரும்பி வரும் தாழ் அழுத்தப் பக்கம், கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் உயர் அழுத்தப் பக்கம்) சுமார் 95 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். இதைப் பார்த்து 'கேஸ் ஃபுல்' என்று முடிவு செய்துவிடாதீர்கள். உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலும் இதே அழுத்தம்தான், நிறைய இருந்தாலும் இதேதான். இதற்கு மிகவும் கீழே இருந்தால் மட்டும் ஒன்று நிச்சயம்: திரவமே இல்லை, கிட்டத்தட்ட காலி. அளவு தெரிய ஒரே வழி எடை. ஓடும்போது அதே வெப்பத்தில் தாழ் பக்கம் 25 முதல் 45, உயர் பக்கம் 150 முதல் 250 என்ற வட்டாரத்தில் இருப்பது நல்லது. இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. தாழ் பக்கம் ஏறி உயர் பக்கம் இறங்கியிருந்தால் கம்ப்ரசர் தேய்ந்திருக்கிறது. தாழ் பக்கம் வேக்கத்துக்கே போனால் காயிலுக்குள் திரவத்தை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு. உயர் பக்கம் எகிறினால் காற்றோட்டம் இல்லை, அல்லது யாரோ கேஸை அதிகமாக ஏற்றியிருக்கிறார்கள்.

ஓட்டையைத் தேடும்போது கேஸைத் தேடாதீர்கள், ஆயிலைத் தேடுங்கள். கேஸ் போன இடத்தில் ஆயிலும் கொஞ்சம் கசியும், அதில் தூசி ஒட்டி ஒரு கறுத்த ஈரத் திட்டு உண்டாகும். என் கையில் பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். இணைப்புகளின் அடிப்பக்கம், கண்டென்சரின் கீழ் மூலைகள், ரப்பர் குழாயும் அலுமினியமும் சேரும் நசுக்கல், இவையெல்லாம் கண்ணாடியில்தான் தெரியும். கம்ப்ரசர் கிளட்சுக்கு நேர் மேலே பானட்டின் உள்பக்கம் ஒரு கோடாக ஆயில் தெறித்திருந்தால் அச்சு சீல் போயிருக்கிறது. போர்ட்டின் மூடியைத் திறந்து உள்ளே ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் வால்வு கோர் கசிவது குமிழியாகத் தெரியும். அந்த மூடிகள் வெறும் தூசி மூடிகள் இல்லை. அவற்றுக்குள் ஒரு சீல் இருக்கிறது. மூடி தொலைந்திருந்தால் முதலில் அதை வாங்குங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு யூவி டை. ஏசி ஆயிலோடு கொஞ்சம் செலுத்தி, சில நாள் ஓட்டி, இருட்டில் யூவி டார்ச்சோடு மஞ்சள் கண்ணாடி போட்டுப் பார்த்தால் கசிந்த இடம் பச்சை மஞ்சளாக ஒளிரும். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருப்பதால் இப்படிப் பார்க்க முடியாது. அங்கேதான் நாம் சுத்தம் செய்த வடிகால் குழாய் மறுபடி உதவுகிறது. காயில் கசிந்தால் அதிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் டை வரும்; கீழே ஒரு வெள்ளைத் தட்டு வைத்துப் பிடித்து டார்ச் அடியுங்கள். எலக்ட்ரானிக் டிடெக்டர் இருந்தால், இரவு முழுக்க நிறுத்திவைத்த காரில் புளோயரைப் போடாமல் அதன் மூக்கை அந்தக் குழாய் முனையில் வையுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் இறங்கி நிற்கும்.

பாட்டிலில் விற்கும் ஓட்டை அடைக்கும் மருந்துக்கு என் காரில் இடமில்லை. சில வகை, ஈரம் பட்டால் இறுகும்; எக்ஸ்பான்ஷன் வால்விலும் இறுகலாம், நாளை கேஸ் எடுக்கும் மெஷினிலும் இறுகலாம். பல ஒர்க்ஷாப்கள் அது ஊற்றிய காரைத் தொடவே மாட்டார்கள். சமையல் கேஸ் வகையைச் சேர்ந்த கலவைகளை ஏசியில் ஏற்றுவதும் உண்டு. நன்றாகவே குளிரும், ஆனால் காயிலில் ஓட்டை விழுந்தால் அந்த கேஸ் வருவது உங்கள் கேபினுக்குள்.

பிரித்து மாட்டும்போது

உள்ளே மிச்சமிருக்கும் கேஸை ஸ்பானரால் திறந்து வெளியே விடாதீர்கள். தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ ஆர்-134ஏ வளிமண்டலத்தைச் சூடாக்கும் அளவு 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றமும்கூட. ரிக்கவரி மெஷின் உள்ள இடத்தில் எடுக்கச் சொல்லி, எத்தனை கிராம் வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரில் உள்ள அளவிலிருந்து அதைக் கழித்தால் எவ்வளவு கசிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இணைப்பைக் கழற்றும்போது இரண்டு ஸ்பானர். ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒற்றை ஸ்பானரால் திருப்பினால் அலுமினியக் குழாய் முறுக்கிக்கொள்ளும். ஓ-ரிங்கை ஏசிக்கான பச்சை வகையில், அதே அளவில் வாங்குங்கள். சாதாரண ரப்பர் வளையம் ஊதிப்போகும். ஏசி ஆயிலில் நனைத்து மாட்டி, முறுக்கிச் சாகடிக்காமல் இறுக்குங்கள். ஒன்று கசிந்தால் அதே வயதுள்ள மற்றவையும் வரிசையில் நிற்கின்றன, கை எட்டும் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது லாபம்.

ஏசிக் குழாயை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ட்ரையரை மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் காற்றுப் பட்டால் சீக்கிரமே நிரம்பிவிடும். ஈரம் உள்ளே தங்கினால் கேஸோடும் ஆயிலோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். ட்ரையரின் மூடிகளைக் கடைசி நிமிடத்தில் கழற்றுங்கள். திறந்த குழாய் வாய்களைப் பிளாஸ்டிக் பையால் கட்டிவையுங்கள். பிஏஜி ஆயில் (கம்ப்ரசருக்கான ஏசி ஆயில்) டப்பாவும் அப்படியே, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மூடி திறந்து நாள்பட்டதை ஊற்றாதீர்கள். எந்தத் தடிமன் ஆயில், கண்டென்சர் மாற்றினால் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் காருக்குக் கார் மாறும். சர்வீஸ் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள்.

பழைய கம்ப்ரசரைக் கழற்றும்போது குழாயில் வெள்ளி மினுமினுப்போடு கறுத்த ஆயில் வந்தால் அது தேய்ந்த உலோகம். அப்போது கண்டென்சரும் போனதுதான். நெருக்கமான மெல்லிய பாதைகள் கொண்ட இக்காலக் கண்டென்சரை எவ்வளவு கழுவினாலும் துகள் முழுக்க வெளியே வராது. அதை வைத்துக்கொண்டு புதுக் கம்ப்ரசர் போட்டால் அதையும் தின்றுவிடும்.

வேக்கமும் கேஸும்

வேக்கம் பம்பை முக்கால் மணி நேரமாவது ஓடவிடுங்கள். காற்றை எடுப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. ஈரத்தை எடுக்கத்தான் நேரம். அழுத்தம் இறங்க இறங்கத் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியே வரும். பிறகு வால்வை மூடி, பம்பை நிறுத்தி, அரை மணி நேரம் முள்ளைக் கவனியுங்கள். முள் ஏறினால் ஓட்டை இருக்கிறது, அல்லது ஈரம் மிச்சமிருக்கிறது. முள் நின்றாலும் முழு நிம்மதி கிடையாது. வேக்கத்தில் சோதிப்பது வெளிக்காற்றின் அழுத்தம் மட்டுமே, அதுவும் வெளியிலிருந்து உள்ளே. ஓடும்போது அதைவிடப் பல மடங்கு அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளும். உலர் நைட்ரஜனை ரெகுலேட்டர் வழியாக 150 பிஎஸ்ஐ வரை ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. வீட்டுக் காற்றடிக்கும் கம்ப்ரசரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதில் ஈரம் இருக்கிறது, மிச்சமுள்ள ஆர்-134ஏவோடு அழுத்தத்தில் காற்று கலந்தால் எரியக்கூடியதாகவும் ஆகலாம். ஆக்சிஜன் சிலிண்டரை அருகில்கூடக் கொண்டுவராதீர்கள்.

கேஸ் டப்பாவைத் தராசில் வைத்து எடை குறித்துக்கொள்ளுங்கள். கேஜ் குழாயில் உள்ள காற்றை லேசாக வெளியேற்றிவிட்டு, வேக்கம் தானாக இழுக்கும்வரை இழுக்கட்டும். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, டப்பாவை நிமிர்த்திப் பிடித்து, தாழ் பக்கம் மட்டும் திறந்து மெதுவாக விடுங்கள். டப்பாவைக் கவிழ்த்தால் திரவம் போய்க் கம்ப்ரசரை உடைக்கும். இன்ஜின் ஓடும்போது உயர் பக்க வால்வைத் தொடவே கூடாது. அந்த அழுத்தம் டப்பாவுக்குள் திரும்பினால் டப்பா வெடிக்கும். கண்ணுக்குக் கவசம், கைக்குக் கையுறை, திறந்த வெளி, பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ இல்லாமல். இந்த கேஸ் தீயில் பட்டால் நச்சு வாயுவாக மாறும்.

ஸ்டிக்கர் 500 கிராம் என்றால் 500 கிராம். 'இன்னும் கொஞ்சம் ஏற்றினால் இன்னும் குளிரும்' என்பது தவறு. அளவு மீறினால் கண்டென்சரில் திரவம் தேங்கி, உயர் பக்க அழுத்தம் ஏறி, குளிர் குறையும்.

எல்லாம் முடிந்து, மூடிகளை மாட்டி, உள்காற்றுச் சுழற்சியில் நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி ஓட்டிப் பாருங்கள். மிதமான நாளில் 5 முதல் 10 டிகிரிக்குள் வந்தால் நல்லது. கடும் வெயிலில் கொஞ்சம் கூடும். அன்றைய வெளி வெப்பம், வென்ட் வெப்பம், இரண்டு அழுத்தங்கள், ஏற்றிய கிராம், தேதி, இவற்றை ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுகிறேன். அடுத்த வருடம் இதே அளவு வெயிலில் எடுக்கும் அளவுகளை இதோடு வைத்துப் பார்க்கலாம். குளிர் காலத்திலும் சில வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் ஏசி போடுங்கள், அச்சு சீலுக்கு ஆயில் போய்ச் சேர வேண்டும். அப்படிப் போடும் நாளில் காருக்கடியில் குனிந்து, வடிகால் சொட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.